பகாவ் ரயில் நிலையம்: ஊர்ப் புத்தகத்தில் இதற்கு இடம் வேண்டாமா?

கெடிஸ் பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள நம் பகாவ் வட்டாரத் தோட்டங்களைப் பற்றி ஒரு தொகுப்பு நூல் போடப் போகிறோம் என்று இங்கே முன்பே சொல்லியிருந்தேன். கட்டுரைகள் வரத் தொடங்கிவிட்டன. கெடிஸ், சென்ட் ஹெலியர், ஜெராம் பாடாங் என்று தோட்டவாரியாக எழுதுகிறார்கள். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி, பால்வெட்டு, காற்பந்துக் குழு எல்லாம் வந்துவிட்டன. ரயில் நிலையத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. 1910-இல் இந்த ஊருக்கு ரயில் வந்தது, இன்றைக்கும் வருகிறது. இடையில் தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாயின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஸ்டேஷனில் மட்டும் இன்னும் ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நிற்கிறார்கள். தினமும் புழங்குகிற இடம் என்பதாலோ என்னவோ, யாருக்கும் அது எழுத வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

கேட்பது இதுதான். உங்கள் குடும்பத்தில் யாராவது ரயில்வேயில் வேலை செய்தார்களா? உங்கள் வீட்டுக் கதையில் ஸ்டேஷன் எங்கே வருகிறது? அப்புறம், அந்த இடத்தை இனி என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்? மனம்விட்டு எழுதுங்கள்.

ஜே.பி. வேலைக்காரன்

அக்கா, நான் இப்போதைய ஆள், பழைய கதை தெரியாது. ஆனால் ஜோகூர் பாருவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிளந்தானில் உள்ள தும்பாட் போகிற இரவு வண்டியில்தான் ஊருக்கு வருவேன். பாதிப் பேர் கிளந்தான்காரர்கள். தலையணை, தெர்மாஸ், பிள்ளைகளோடு வீட்டையே பெயர்த்துக்கொண்டு வருவார்கள். பகாவில் இறங்குகிற நாலைந்து பேரும் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள். யாருக்கு மோட்டார் வந்திருக்கிறதோ அவர் மற்றவரையும் ஏற்றிக்கொண்டு போவார்.

தண்டவாளம்71

நல்ல கேள்வி தங்கச்சி. என் தாத்தாவும் அப்பாவும் கம்பிச்சடக்கு (ரயில் பாதை) கேங்கில் வேலை செய்தவர்கள். நானும் பாதைப் பராமரிப்பில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அது வெள்ளீயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. நம் பக்கத்துப் பாதை பிந்தி வந்தது. 1909-இல் ஜோகூர்ப் பகுதி முடிந்து, பிறையிலிருந்து ஜோகூர் பாரு வரை ஒரே தொடராகிவிட்டது. அதிலிருந்து கெமாஸில் ஒரு கிளையைப் பிரித்து வடக்கே காட்டுக்குள் விட்டார்கள். அந்தக் கிளையின் முதல் துண்டுதான் கெமாஸ் – பகாவ், 1910. பிறகு திரியாங், மெந்தகாப், கோலலிப்பிஸ் என்று நீண்டுபோய், கிளந்தான் பக்கமிருந்து போட்டுக்கொண்டு வந்த பாதையோடு 1931-இல் சேர்ந்தது. கெமாஸிலிருந்து தும்பாட் வரை மொத்தம் 500 கிலோமீட்டருக்கு மேல்.

அந்த 1910-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த வருடம்தான் லண்டன் சந்தையில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது, ஒரு பவுண்டு எடைக்கு 12 ஷில்லிங்குக்கும் மேல். மலாயாவுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவதை நிறுத்தியதும் அதே வருடம்தான். அதற்கப்புறம் கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டி வருவதே முக்கிய வழியானது. விலை ஏறுகிறது, ஆள் வருகிறார்கள், தண்டவாளமும் வருகிறது. பகாவைச் சுற்றிக் காடு தோட்டமானதை இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ரயிலை விட்டுவிட்டு எழுதினால் கதை பாதியில் தொடங்கியது போல இருக்கும்.

வேலையைப் பற்றியும் சொல்கிறேன். நம் பாதை மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். அப்போது கட்டைகள் எல்லாம் மரம், செங்கால் மாதிரி வைரம் பாய்ந்த காட்டு மரம். கட்டைக்குக் கீழே கருங்கல் ஜல்லி. மழை பெய்து பெய்து ஜல்லி இறங்கிக்கொண்டே இருக்கும், பாதையும் அதோடு இறங்கும். கேங் ஆட்கள் நாலு பேர் எதிரெதிரே நின்று, கட்டைக்கு அடியில் ஜல்லியை இடித்து இடித்து இறுக்குவார்கள். ஒரு பக்கம் கூடுதலாக இடித்துவிட்டால் அந்தப் பக்கத் தண்டவாளம் எழும்பிவிடும், வண்டி ஆடும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மண்டோர் (கேங் மேற்பார்வையாளர்) தூரத்தில் போய்க் குப்புறக் குனிந்து, தண்டவாளத்தோடு கன்னத்தை ஒட்டவைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். கையை உயர்த்தினால் இன்னும் தூக்கு, தாழ்த்தினால் போதும். அவர் கையைத் தாழ்த்தினால் அந்த மட்டம் தப்பாது. என் தாத்தாவுக்கு இடது கன்னத்தில் ஒரு கருப்புத் தடம் இருந்தது. வெயிலில் காய்ந்த இரும்பில் அடிக்கடி கன்னத்தை வைத்ததால் வந்தது என்று பாட்டி சொல்வார்.

காலையில் முதல் வண்டிக்கு முன்னால் ஒருவர் தன் பகுதிப் பாதை முழுக்க நடந்தே போய்வர வேண்டும். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கையில் பச்சை சிவப்புக் கொடிகள். கழன்ற ஆப்பை அடித்து உட்கார வைப்பது, தளர்ந்த போல்ட்டை முறுக்குவது, மரம் விழுந்திருந்தால் ஓடிப்போய்த் தகவல் சொல்வது. காட்டுப் பக்கம் யானை நின்ற கதையும் உண்டு. அந்த நடையை நம்பித்தான் வண்டியே ஓடியது. புத்தகத்தில் ஸ்டேஷன் படத்துக்குப் பக்கத்தில் இவர்களும் இருக்க வேண்டும்.

பால்மரத்து நிழல்

அண்ணே, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. கன்னத்துத் தடத்தை அப்படியே புத்தகத்தில் போடுங்கள்.

சிலோன் வீட்டுப் பேரன்

என் கொள்ளுத்தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்து, பிறகு ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். பகாவில் அல்ல, பாதையின் வேறு சிறு ஊர்களில். ஆனாலும் இந்த இழைக்குப் பொருந்தும் என்று எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் ரயில்வேயின் அலுவலக வேலைகளில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அங்கே மிஷன் பள்ளிகளில் இங்கிலீஷ் படித்துவிட்டு வந்தவர்கள். டிக்கெட், கணக்கு, தந்தி, சமிக்ஞை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாதையிலும் பட்டறையிலும் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரே மொழி, ஒரே சம்பளத் துறை, ஆனால் குடியிருப்பு வேறு. மாஸ்டர் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தனி வீடு. கேங் ஆட்களுக்குப் பாதையோரம் வரிசை வீடுகள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளை அந்த வரிசைப் பக்கம் விளையாட விட்டதில்லை என்று எங்கள் பெரியத்தை வெளிப்படையாகவே சொல்வார்.

இதையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து. "நம் மக்கள் ரயில்வேயைக் கட்டினார்கள்" என்று ஒரே வரியில் பெருமையாக முடித்துவிட்டால், யார் வெயிலில் நின்றார்கள், யார் நிழலில் உட்கார்ந்தார்கள் என்பது மறைந்துவிடும். எங்கள் குடும்பம் நிழலில் உட்கார்ந்த பக்கம். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

தண்டவாளம்71

நன்றி தம்பி. நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வராமல் பார்த்துக்கொண்டது அந்த நிழலில் உட்கார்ந்த ஆள்தான். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் "பாதை காலி" என்று சொல்லாமல் இவர் வண்டியை விடமாட்டார். அதுவும் உயிரைக் காக்கிற வேலைதான்.

பழைய கிராணி மகன்

கொஞ்சம் வேறு மாதிரிப் பேசுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் அப்பா தோட்டத்து ஆபீஸ் கிராணி. அவர் சொல்லிக் கேட்டது: தோட்டத்துக்கு ரயில் என்றால் சாமான். அரிசி மூட்டை, உரம், பாலை உறைய வைக்கிற ஆசிட் ஜாடிகள் வரும். ரப்பர் ஷீட் பெட்டிகள் போகும். சனங்களுக்கு ரயில் என்பது வாழ்க்கையில் சில தடவை. 1920-களின் கடைசியில் அரசாங்கக் குழு சில வட்டாரங்களுக்கு நிர்ணயித்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதில் அரிசிக் கடன் போக மிஞ்சுவதில் எத்தனை பேர் டிக்கெட் எடுத்திருப்பார்கள்? தோட்டத்தை விட்டு வெளியே போவதென்றாலே துரைக்கும் கங்காணிக்கும் பதில் சொல்ல வேண்டிய காலம்.

1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் இப்படிச் சிறிய ஸ்டேஷன்களில்தான் ஏறியிருப்பார்கள். கொண்டுவந்ததும் ரயில், வேண்டாம் என்றதும் கொண்டுபோய் விட்டதும் ரயில். ஆகவே ஸ்டேஷனை வெறும் அழகுப் பொருளாக எழுதிவிடாதீர்கள். என் கவலை அதுதான்.

கோலப்பிலாக்காரி

மேலே எழுதிய ஐயா சொல்வது உண்மை. நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன்.

பகாவிலிருந்து கோலப்பிலாவுக்கு ஒரு கிளைப்பாதை இருந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், திரும்பப் போடவே இல்லை. பகாவுக்கு வடக்கே கிழக்குக்கரைப் பாதையிலும் நீண்ட தூரத்துக்குப் பிடுங்கினார்கள். எல்லாம் ஜப்பான்காரன் போட்ட சயாம் (தாய்லாந்து) – பர்மா ரயில் பாதைக்கு. 415 கிலோமீட்டர், 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அதைப் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பட்டினி. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

என் பாட்டியின் தம்பி போனார். கடையில் சாமான் வாங்கப் போன இடத்தில் லாரியில் ஏற்றினார்கள் என்று ஒரு பேச்சு, மூன்று மாத வேலை என்று சொல்லிப் பெயர் கொடுக்க வைத்தார்கள் என்று இன்னொரு பேச்சு. ரயிலில் ஏற்றியது மட்டும் நிச்சயம். கூரையில்லாத சரக்குப் பெட்டி. பாட்டி கடைசிக் காலம் வரைக்கும் அந்தத் தம்பிக்குத் திதி கொடுக்கவில்லை. செத்த நாள் தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்பார்.

இந்த மண்ணிலிருந்து பிடுங்கிய தண்டவாளமும் இந்த மண்ணிலிருந்து பிடித்த ஆளும் அதே காட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஸ்டேஷனைப் பற்றிய பக்கத்தில் இதற்கு இடம் இல்லையென்றால் அந்தப் பக்கமே வேண்டாம் என்பேன்.

கெடிஸ் பேத்தி

இடம் உண்டு அம்மா. முதல் இடமே அதற்குத்தான். உங்கள் பாட்டியின் தம்பி பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். குடும்பம் சம்மதித்தால் மட்டும் அச்சிடுவோம்.

ஐயா (கிராணி மகன்), உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அழகுப் பொருளாக ஆக்குவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. எங்கள் பாட்டனார் கெடிஸ் தோட்டத்துக்கு வந்த வழியே இந்த ஸ்டேஷன்தான். கப்பலில் வந்து, நோய் பார்க்கிற முகாமில் அடைபட்டுக் கிடந்து, ரயிலேறி, இங்கே இறங்கி, கங்காணி பின்னால் நடந்திருக்கிறார். இந்த மண்ணில் அவர் முதலில் கால் வைத்தது அந்தத் தளமேடையில். அதனால்தான் இந்தப் பிடிவாதம்.

திரியாங் ஆசிரியர்

யுத்த காலத்தில் இன்னொரு கூட்டமும் அங்கே இறங்கியது. 1943 கடைசியில் சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்க யூரேசியர்களையும் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சத்தினர்) சீனர்களையும் பகாவ் காட்டில் குடியேற்றினார்கள். உணவுத் தட்டுப்பாடு, ஊரில் ஆளைக் குறைக்க வேண்டும் என்பது ஜப்பானியர் கணக்கு. காடு வெட்டிப் பயிர் செய்யத் தெரியாத பட்டணத்து மக்கள். மலேரியாவில் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களோடு வந்த ஆயர் டெவால்ஸும் 1945-இல் காலமானார். நம் தோட்டத்து மக்களின் கதையோடு சேர்த்து இதையும் ஒரு பத்தி எழுதலாம், பகாவ் என்றால் சிங்கப்பூரில் இன்றும் சிலருக்கு அதுதான் நினைவு.

சிரம்பான் வழக்குரைஞர்

எல்லாம் சரி. இனி என்ன செய்வது என்பதைப் பேசுவோம். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. பழைய கட்டடங்களை மரபுடைமையாகப் பதிவு செய்ய அதில் வழி உண்டு. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் நிர்வாகம் எல்லாம் சேர்ந்து ஒரு மனு போடலாம். ஜோகூரில் குளுவாங்கைப் பாருங்கள். ஸ்டேஷன் கேன்டீன் 1938-லிருந்து நடக்கிறது, அந்தக் கோப்பிக்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பகாவிலும் ஒரு பகுதியைக் கோப்பிக் கடையாக, ஒரு அறையைச் சின்னக் காட்சிக்கூடமாக ஆக்கினால் இளைய தலைமுறை வரும்.

ஜெம்போல் பையன்

நான் ஆதரிக்கிறேன். சுவரில் ஓவியமும் வரையலாம். பால் வாளியோடு ஒரு பாட்டி, பின்னால் நீராவி இன்ஜின். படம் எடுக்கக் கூட்டம் வரும்.

தண்டவாளம்71

தம்பி வழக்குரைஞர் சொன்னதில் மனு விஷயம் நல்ல யோசனை. ஆனால் நான் பயப்படுகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மேற்குக்கரையில் இரட்டைப் பாதையும் மின்சாரமும் வந்தபோது என்ன நடந்தது? ஈப்போ, கோலாலம்பூர் மாதிரி பெரிய பெயர் எடுத்த கட்டடங்கள் தப்பின. சின்ன ஊர் ஸ்டேஷன்கள் பல இடிந்து, கண்ணாடியும் மேம்பாலமும் வைத்துப் புதிதாக எழும்பின. கெமாஸில் பழையது நிற்கிறது, ஆனால் வண்டி புதியதில்தான் நிற்கிறது. தைப்பிங்கிலும் பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் புதியது. இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. இரட்டைப் பாதை வேண்டும், வேகம் வேண்டும், மாற்றுத்திறனாளிக்கு லிப்ட் வேண்டும். ஆனால் வண்டி நிற்காத ஸ்டேஷன் வேறு ஒரு பொருளாகிவிடுகிறது.

பகாவின் பெருமை அதன் சுவரில் இல்லை. கோலாலம்பூர் ஸ்டேஷனும் 1910-தான், அதற்குக் குவிமாடமும் வளைவும் உண்டு. பகாவுக்கு அதெல்லாம் கிடையாது. நூறு வருடத்தில் கூரை, தளமேடை, கட்டை, கம்பம் என்று கைவைக்காத ஸ்டேஷன் எங்கேயும் இல்லை. மாறாதது பாதை போகிற வழியும், அங்கே வண்டி நிற்கிற வழக்கமும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தானில் கெமுபு பாலமே அடித்துக்கொண்டு போனது. அதைக் கட்டி 2016-இல் பாதையை முழுக்கத் திறந்தார்கள். ஏன் செலவு செய்தார்கள்? உள்காட்டுக் கிராமங்களில் இருக்கிறவர்களுக்கு அந்த வண்டியை விட்டால் சரியான போக்குவரத்து கிடையாது. பள்ளிப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அதில்தான் போகிறார்கள். ஆள் ஏறினால் பாதை பிழைக்கும்.

அதனால் கோப்பிக் கடை வரட்டும், ஓவியம் வரட்டும். ஆனால் முதல் கோரிக்கை வண்டி நேரமும் வண்டி எண்ணிக்கையுமாக இருக்கட்டும். மனுவில் அது முதல் பத்தியில் வர வேண்டும்.

ஜெம்போல் பையன்

அங்கிள், புது கிழக்குக்கரை ரயில் கட்டுகிறார்களே, அது வந்தால் நம் பாதையை மூடிவிடுவார்களா?

தண்டவாளம்71

அது வேறு வழி. கோத்தா பாருவிலிருந்து திரெங்கானு, பகாங் வழியாகக் கோம்பாக், கிள்ளான் துறைமுகம் என்று போகிறது. நம் பகாவ் பக்கம் வராது. அதன் அகலம் 1,435 மில்லிமீட்டர், நம்முடையது 1,000. ஒன்றின் வண்டி மற்றதில் ஓட முடியாது. மூடுவார்களா என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை விட, பெருநாளுக்காவது ஒரு தடவை குடும்பத்தோடு டிக்கெட் எடுத்துப் போய்வாருங்கள் தம்பி. பிள்ளைகளைக் கோலலிப்பிஸ் வரை கூட்டிப் போங்கள், காடும் ஆறும் பார்த்துக்கொண்டே போகலாம்.

பழைய கிராணி மகன்

தண்டவாளம் அண்ணன் சொன்ன மனு வரிசையை நான் ஒப்புக்கொள்கிறேன். ஓவியம் பற்றி ஒரு வார்த்தை. பால் வாளியோடு பாட்டி என்றால் அந்தப் பாட்டிக்குப் பின்னால் நீராவி இன்ஜினுக்குப் பதில், ஜல்லி இடிக்கிற கேங் ஆட்களை வரையுங்கள். படம் எடுக்க வருகிற கூட்டம் அவர்களையும் பார்க்கட்டும்.

ராஜூலா பேத்தி

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. கெடிஸ் பேத்தி அக்கா கேட்டதால் எழுதுகிறேன்.

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று வந்தது. தோட்டத்தில் எத்தனையோ பேரிடம் சிவப்பு ஐ.சி.தான், அதாவது குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. இத்தனை வருடம் இங்கேயே இருந்துவிட்டோம், எதற்குத் தனியாகக் காகிதம் என்று இருந்துவிட்டவர்கள். அறுபதாயிரம் பேர் அளவில் அப்போது இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் பெரிய பாட்டி குடும்பம் அதில் ஒன்று. பெரிய பாட்டி இங்கே பிறந்தவர்தான், ஆனால் பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை.

பகாவ் ஸ்டேஷனில்தான் வழியனுப்பினார்கள். அங்கிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து ராஜூலா கப்பல். அம்மா அப்போது சின்னப் பெண். அவருக்கு நினைவிருப்பது ஒரு தகர டிரங்குப் பெட்டி. பெயரும் ஊரும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். ஊர் என்ற இடத்தில் யாருக்கும் சரியான விலாசம் தெரியவில்லை, தாத்தாவின் கிராமத்துப் பெயரை மட்டும் எழுதினார்களாம். தோட்டமே திரண்டு வந்து நின்றதாம். வண்டி வந்ததும் பெரிய பாட்டி ஏறமாட்டேன் என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். என் பாட்டிதான் தன் அக்காவின் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாராம். அதைச் சொல்லி அழாத நாள் பாட்டிக்கு இல்லை.

கடிதம் சில வருடம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

பால்மரத்து நிழல்

இதைப் படித்த பிறகு எனக்கு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. நன்றி சகோதரி.

ஜே.பி. வேலைக்காரன்

போன தடவை ஊருக்கு வந்தபோது கண்ணில் பட்டதை இங்கே சொல்ல வேண்டும் போலிருக்கிறது. என்னோடு இறங்கியவர்களில் மூன்று பேர் வங்காளதேசத்துப் பையன்கள். செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்கள். ஒருவனிடம் புதுச் சூட்கேஸ், மற்ற இருவரிடமும் உரச் சாக்கில் கட்டிய மூட்டை. வெளியே அவர்கள் ஊர்க்காரன் ஒருவன் மோட்டாரோடு நின்றான். எங்கே போக வேண்டும் என்று மலாயில் கேட்டேன். தோட்டத்தின் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொன்னான். என் தாத்தா இருந்த அதே தோட்டம். பாதையைக் காட்டிவிட்டு வந்தேன். புத்தகத்தில் இவர்களைப் பற்றி எழுத முடியுமா என்று தெரியாது, ஆனால் இன்றைக்கு அந்த ஸ்டேஷனில் அப்படி இறங்குகிறவர்கள் அவர்கள்தான்.

கெடிஸ் பேத்தி

எழுதலாம் தம்பி. நீங்களே எழுதுங்கள். இப்போது சொன்ன மாதிரியே எழுதினால் போதும்.

சிலோன் வீட்டுப் பேரன்

ஆவணங்கள் பற்றிச் சொல்கிறேன், நான் இந்த வேலையில் கொஞ்சம் பழகியவன். ரயில்வேக் குடும்பங்களின் வீட்டில் தேட வேண்டியவை: வேலைப் பதிவேடு, ஓய்வூதியக் கடிதம், குவாட்டர்ஸ் எண் எழுதிய எந்தக் காகிதமும், சேவைக்குக் கொடுத்த பதக்கம், தொழிற்சங்க அட்டை. தோட்டத்துக் குடும்பங்களில் கப்பல் சீட்டு, சிவப்பு ஐ.சி., தோட்டத்துச் செக்ரோல் (ஆள் வருகை, கூலிப் பதிவேடு) நகல். புகைப்படம் கிடைத்தால் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையோ பென்சிலில் எழுதிய வருடமோ அங்கேதான் இருக்கும்.

பெரியவர்களிடம் பேசும்போது "ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "சம்பளம் எந்த நாள் போடுவார்கள்? யார் கொண்டுவருவார்? தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? அவசர காலத்தில் இரவு வண்டி ஓடியதா?" என்று கேளுங்கள். அவசர காலம் என்றால் 1948 முதல் 1960 வரை. பாதையைக் கம்யூனிஸ்டுகள் கழற்றிவிடுவார்கள் என்று வண்டிக்கு முன்னால் கவசம் போட்ட ட்ராலி ஓட்டிப் பார்த்த காலம். அதில் காவலுக்குப் போனவர்களையோ, பாதையைச் சரி பார்த்தவர்களையோ அறிந்தவர்கள் இன்னும் இருப்பார்கள். வயது எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும், ஆகவே சீக்கிரம் போங்கள்.

அரசாங்கப் பக்கத்து ஆவணங்களுக்குக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய ரயில்வே ஆண்டறிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்த அறிக்கைகளில் கேங் ஆட்கள் எண்ணிக்கையாகத்தான் இருப்பார்கள், பெயராக இருக்கமாட்டார்கள். பெயர் வீடுகளில்தான் கிடைக்கும்.

சிரம்பான் வழக்குரைஞர்

தண்டவாளம் அண்ணன் சொன்னபடி மனுவைத் திருத்தி எழுதுகிறேன். முதலில் வண்டிச் சேவை, அடுத்து வயதானவர்கள் ஏறி இறங்க வசதி, அதற்கப்புறம் மரபுடைமைப் பதிவு, கடைசியில் கோப்பிக் கடை. மலாயில் எழுதித் தமிழிலும் ஒரு பிரதி வைக்கிறேன். கையெழுத்துக்கு மலாய், சீன நண்பர்களையும் கேளுங்கள். அந்த வண்டியில் நம்மை விட அவர்கள் அதிகம் போகிறார்கள்.

கோலப்பிலாக்காரி

தகவல் பலகை ஒன்றும் கேளுங்கள் தம்பி. கோலப்பிலா கிளைப்பாதை இங்கிருந்து பிரிந்தது, யுத்தத்தில் பிடுங்கப்பட்டது, சயாமுக்குப் போனவர்கள் நினைவாக என்று மூன்று வரி போதும். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும்.

சிரம்பான் வழக்குரைஞர்

சேர்த்துவிட்டேன் அம்மா.

கெடிஸ் பேத்தி

சரி, இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்வோம். தண்டவாளம் அண்ணன் பாதை வேலை பற்றி எழுதுகிறார். சிலோன் வீட்டுத் தம்பி மாஸ்டர் வீடும் கேங் வரிசையும். கிராணி மகன் ஐயா சாமான் வண்டியும் கூலியும். அம்மா சயாம். ஆசிரியர் அந்தக் கத்தோலிக்கக் குடியேற்றம். ராஜூலா தங்கை விரும்பினால் அவர் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்வோம், ஒரு எழுத்துகூட மாற்றமாட்டோம். ஜே.பி. தம்பி இன்றைய ஸ்டேஷன்.

ஆவணங்களைப் படம் பிடிக்கத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தைக் கேட்டிருக்கிறோம். காகிதங்களை யாரும் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். அங்கேயே ஸ்கேன் செய்து கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். தேதி முடிவானதும் இங்கே போடுகிறேன்.

ராஜூலா பேத்தி

எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. அம்மாவையும் கூட்டிவருகிறேன். பெரிய பாட்டியிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் அம்மாவிடம் இருக்கிறது. உறையில் ஊர்ப் பெயர் முத்திரை மங்கலாகத் தெரிகிறது. அதைப் பெரிதாக்கிப் படிக்க முடியுமா?

சிலோன் வீட்டுப் பேரன்

முயற்சி செய்வோம். உறையைக் கசக்காமல் தட்டையாக ஒரு நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் ஒட்ட வேண்டாம். நான் நல்ல ஸ்கேனரைக் கொண்டுவருகிறேன்.